வேலையில் பிடிப்பு எங்கிருந்து வருகிறது?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஆட்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் நான் சேர்ந்த புதிது. ஆயுத பூஜை முடிந்த மறுவாரம் ஒரு லைனை, அதாவது ஒரு தையல் மெஷின் வரிசையை, மாற்றிப் போட்டோம். புது ஆர்டருக்கு ஓவர்லாக் மெஷின்கள் முன்னால் வர வேண்டும், பிளாட்லாக் பின்னால் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆள் வைத்து எல்லாவற்றையும் நகர்த்திவிட்டோம். திங்கட்கிழமை காலை எட்டரைக்கு வந்த டெய்லர்களை, வந்த வரிசையில் காலி மெஷின்களில் உட்காரச் சொன்னோம். ஓவர்லாக் எல்லாம் ஒரே மாடல், ஒரே வருடத்தில் வாங்கியவை. எங்கள் கணக்கில் எந்த மெஷினும் ஒன்றுதான்.

அந்தச் சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் ஒரு டெய்லர் நின்றுவிட்டார். ஆறு வருடம் எங்களிடம் இருந்தவர், காரணமில்லாமல் லீவு போடாதவர். ஏன் என்று கேட்டதற்கு, "பக்கத்துல ஷிப்டுக்கு இருவது ரூபா சேத்திக் குடுக்கறாங்க சார்" என்றார். முதலாளியிடம் பேசி, அந்த இருபது ரூபாயை நாங்களே தருவதாகச் சொல்லி அனுப்பினேன். "இல்லீங்க சார், அங்க வர்றேன்னு சொல்லிட்டனுங்க" என்று முடித்துக்கொண்டார்.

விஷயம் எனக்குத் தெரிய மூன்று வாரம் ஆனது. செக்கிங் மேஜையில் இருந்த ஒரு அக்காதான் சொன்னார்: "அது அவரோட மெஷினுங்க சார்." ஆயுத பூஜையன்று அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துப் பூ சுற்றியது அவர். தினமும் பத்து நிமிடம் முன்னாலேயே வந்து, பஞ்சைத் துடைத்து, எண்ணெய் பார்த்து, நூல் டென்ஷனைத் தன் கைக்கு ஏற்றபடி வைத்திருந்ததும் அவர். மேஜைக்கு அடியில் அவருடைய மகள் ஒட்டிய பட்டாம்பூச்சி ஸ்டிக்கர்கூட இருந்தது. அந்தத் திங்கட்கிழமை அவர் உள்ளே வந்தபோது அதில் வேறொரு பையன் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தான். அவர் வாயே திறக்காமல் காலியாக இருந்த இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறார்.

இருபது ரூபாய் பொய்யில்லை. பக்கத்துக் கம்பெனியில் அது நிஜமாகவே கிடைத்தது. ஆனால் கிளம்புகிறவருக்கு வாயில் சொல்ல ஒரு காரணம் வேண்டும். சம்பளம் என்று சொல்லிவிட்டால் யாரும் மேற்கொண்டு தோண்ட மாட்டார்கள். மெஷினை மாற்றியதால் மனசு விட்டுப்போச்சு என்று ஒரு ஆண், நாற்பது வயதில், தன்னைவிடச் சின்னவனான ஒரு ஆபீஸ்காரனிடம் எப்படிச் சொல்வார்?

அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஒருவரை அவர் வேலையோடு சேர்த்துப் பிடித்து வைத்திருப்பது எது? நிர்வாக உலகில் இதற்குப் பெரிய பெரிய சொற்கள் இருக்கின்றன. நம் ஆட்கள் "பிடிப்பு" என்றே சொல்லிவிடுகிறார்கள். "அங்க வேலை இருக்குது, ஆனா ஒரு பிடிப்பு இல்லைங்க." இந்தக் கட்டுரை முழுக்க அந்தச் சொல்லையே வைத்துக்கொள்கிறேன்.

வேலையில் பிடிப்பு என்பதைக் கல்விப்புலத்தில் முதலில் தெளிவாக வரையறுத்தவர் வில்லியம் கான் என்ற அமெரிக்க ஆய்வாளர். 1990இல் வந்த அவருடைய கட்டுரைக்காக ஒரு கோடைக்கால முகாமின் வழிகாட்டிகளையும், ஒரு கட்டட வடிவமைப்பு நிறுவனத்தின் ஊழியர்களையும் கூடவே இருந்து கவனித்தார். மனிதர்கள் சில நேரம் தங்களை முழுதாக வேலைக்குள் கொண்டுவருகிறார்கள், சில நேரம் உடம்பை மட்டும் கொண்டுவந்து மனதை வாசலிலேயே விட்டுவிடுகிறார்கள் என்று கண்டார். முழுதாக உள்ளே வர மூன்று விஷயங்கள் தேவைப்படுகின்றன என்றார். செய்கிற வேலைக்கு ஓர் அர்த்தம் இருப்பதாகத் தோன்ற வேண்டும். உள்ளதைச் சொன்னால் அடி விழாது என்ற தைரியம் வேண்டும். அன்றைக்கு உடம்பிலும் மனதிலும் தெம்பு மிச்சம் இருக்க வேண்டும். எங்கள் டெய்லருக்கு அந்த வாரம் முதலிரண்டுமே இல்லாமல் போயிருந்தன.

காலப் என்ற அமெரிக்கக் கருத்துக்கணிப்பு நிறுவனம் வருடா வருடம் உலக அளவில் இதை அளக்கிறது. 2025இல் அவர்கள் வெளியிட்ட அறிக்கையின்படி, முந்தைய வருடத்தில் உலகம் முழுவதும் வேலையில் பிடிப்போடு இருந்தவர்கள் 21 சதவீதம்தான். அதற்கு முந்தைய வருடம் 23. இந்த மாதிரி உலகக் கணக்குகளை நான் கொஞ்சம் ஜாக்கிரதையாகத்தான் பார்ப்பேன். நாட்டுக்கு நாடு மக்கள் கேள்விகளைப் புரிந்துகொள்ளும் விதம் வேறு. ஆனாலும் ஐந்தில் நான்கு பேர் ஏதோ ஓர் அளவில் ஒட்டாமல் இருக்கிறார்கள் என்பதைக் கேட்டு, ஆலைத் தரையில் நின்று பழகிய யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

மேலே இருப்பவர்கள் இதில் ஏன் தவறுகிறார்கள் என்பதற்கு நல்ல ஆதாரம் ஒன்று பழைய காலத்திலேயே கிடைத்துவிட்டது. 1946இல் அமெரிக்கத் தொழிலாளர்களிடம் பத்து விஷயங்களைக் கொடுத்து, எது உங்களுக்கு முக்கியம் என்று வரிசைப்படுத்தச் சொன்னார்கள். செய்த வேலைக்கு மனதாரப் பாராட்டு என்பது முதலில் வந்தது. என்ன நடக்கிறது என்பது தனக்கும் சொல்லப்படுகிறது என்ற உணர்வு இரண்டாவது. நல்ல சம்பளம் ஐந்தாவது. மேற்பார்வையாளர்களிடம், உங்கள் ஆட்கள் எதை முதலில் வைப்பார்கள் என்று கேட்டபோது சம்பளம், வேலைப் பாதுகாப்பு, பதவி உயர்வு என்று எழுதினார்கள். நாற்பது வருடம் கழித்து கென்னத் கோவாக் என்ற ஆய்வாளர் அதே பட்டியலோடு திரும்பப் போனார். தொழிலாளர்கள் பட்டியலில் சுவாரசியமான வேலை முதலிடத்துக்கு ஏறியிருந்தது. மேற்பார்வையாளர்கள் பட்டியலில் அதே சம்பளம்தான் முதலில்.

இந்த ஆய்வைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். கோவாக் அடுத்து ஒன்றும் சொல்லியிருக்கிறார். முப்பது வயதுக்குக் கீழ் இருந்தவர்களையும் குறைந்த சம்பளக்காரர்களையும் தனியே பிரித்துப் பார்த்தால், அவர்கள் சம்பளத்தைத்தான் முதலில் வைத்திருந்தார்கள். வீடு கட்டி, கடன் அடைத்து, பிள்ளைகளைக் கரையேற்றியவரும், போன மாதம் வேலைக்கு வந்து வாடகைக்கு அல்லாடுகிறவரும் எப்படி ஒரே பட்டியலைத் தருவார்கள்? சராசரியை எடுத்துக்கொண்டு திட்டம் போட்டால் அந்தத் திட்டம் யாருக்கும் பொருந்தாது. எனக்கு இந்த ஆய்வில் முக்கியமாகப் படுவது இந்த இரண்டாவது பாதிதான்.

சரி, பணத்தைப் பற்றிப் பேசிவிடுவோம். ஊக்கம், அர்த்தம், மனநிறைவு என்று பேசுகிற கூட்டங்களில் எனக்கு எப்போதும் ஒரு பயம் உண்டு. நியாயமான சம்பளம் கொடுக்காதவர்கள் இதைச் சாக்காக எடுத்துக்கொள்வார்களோ என்று. உளவியலாளர் பிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க் 1950களின் கடைசியில் பிட்ஸ்பர்க் பக்கம் சுமார் இருநூறு பொறியாளர்களையும் கணக்காளர்களையும் பேட்டி எடுத்துச் சொன்ன விஷயம் இங்கே உதவும். வேலையில் ரொம்ப நன்றாக இருந்த நேரத்தையும் ரொம்ப மோசமாக இருந்த நேரத்தையும் சொல்லுங்கள் என்று கேட்டார். மோசமான நேரங்களில் வந்தவை: நிர்வாகத்தின் போக்கு, மேலாளர், வேலைச் சூழல், சம்பளம். நல்ல நேரங்களில் வந்தவை: ஒன்றைச் சாதித்தது, அதை மற்றவர்கள் கவனித்தது, வேலையே பிடித்திருந்தது, பொறுப்பு கிடைத்தது. முதல் வகை சரியாக இருந்தால் புலம்பல் நிற்கும், அவ்வளவுதான். அதிலிருந்தே பிடிப்பு வந்துவிடாது. ஆனால் அது சரியாக இல்லாத இடத்தில் இரண்டாவது வகை எடுபடுவது கஷ்டம்.

இதற்கு நம் ஊரிலேயே கண்ணுக்கு முன்னால் ஓர் உதாரணம் இருக்கிறது. ஜவுளிக்கடைகளில் புடவை எடுத்துப் போடும் பெண்கள் காலையிலிருந்து இரவு வரை நின்றுகொண்டே இருப்பார்கள். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில்கூட உட்காரக் கூடாது. கால் வீங்கிப்போய், நரம்பு புடைத்துப்போய் வீட்டுக்குப் போவார்கள். 2021இல் தமிழ்நாடு சட்டமன்றம் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. கேரளம் அதற்கு மூன்று வருடம் முன்னால் செய்திருந்தது. ஒரு நாற்காலி கிடைத்துவிட்டதே என்று யாரும் உற்சாகமாகப் புடவை விற்கப்போவதில்லை. ஆனால் பத்து மணி நேரம் நிற்க வைத்த ஒரு பெண்ணிடம் போய், "உனக்கு இந்த வேலையில் எது பிடிக்கும்மா?" என்று கேட்பதைப் போல மனசாட்சி இல்லாத காரியம் வேறில்லை. முதலில் நாற்காலி. அப்புறம் கேள்வி.

பணம் எதிர்மாறாக வேலை செய்யும் இடமும் உண்டு. 1971இல் எட்வர்ட் டெசி என்ற உளவியலாளர் கல்லூரி மாணவர்களுக்குச் சோமா என்ற கட்டைப் புதிர்களைக் கொடுத்தார். மூன்று அமர்வுகள். இரண்டாவது அமர்வில் ஒரு பகுதி மாணவர்களுக்கு மட்டும் முடித்த புதிருக்கு ஒரு டாலர். ஒவ்வொரு அமர்விலும் இடையில் ஒரு சாக்குச் சொல்லிவிட்டு எட்டு நிமிடம் வெளியே போய்விடுவார். அறையில் பத்திரிகைகளும் கிடக்கும், புதிரும் இருக்கும். யாரும் பார்க்காதபோது கை எங்கே போகிறது என்பதுதான் சோதனை. காசு வாங்கிய மாணவர்கள், காசு நின்ற மூன்றாவது அமர்வில், தாங்களாகப் புதிரைத் தொடும் நேரம் குறைந்தது. பின்னாளில் டெசியும் ரிச்சர்ட் ரையனும் சேர்ந்து இதை விரித்து, மனிதருக்கு உள்ளிருந்து ஊக்கம் வர மூன்று தேவைகள் நிறைவேற வேண்டும் என்றார்கள்: தன் விருப்பத்தில் செய்கிறோம் என்ற உணர்வு, கை தேறியிருக்கிறது என்ற உணர்வு, மற்றவர்களோடு ஒட்டியிருக்கிறோம் என்ற உணர்வு.

இந்தச் சோதனையை எங்கள் டெய்லருக்கு அப்படியே பொருத்தக் கூடாது. அவர் புதிர் விளையாட வரவில்லை, வீட்டுக்கு அரிசி வாங்க வந்திருக்கிறார். ஆனால் அவர் தானாகப் பத்து நிமிடம் முன்னால் வந்து மெஷினைத் துடைத்தது எந்த ரேட்டிலும் சேராதது. அதற்கு நாங்கள் காசு தரவில்லை, தந்திருந்தாலும் அது வேறு ஒன்றாகத்தான் ஆகியிருக்கும். டெசியின் மூன்றும் அந்தப் பத்து நிமிடத்துக்குள் இருந்தன என்று இப்போது தோன்றுகிறது.

ஆக, ஒவ்வொருவரிடமும் ஏதோ ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அது எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? இதில் நான் அதிகம் கற்றுக்கொண்டது சிகாகோ பக்கத்து ஹாதார்ன் ஆலையின் கதையிலிருந்து. வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் அந்த ஆலையில் தொலைபேசிக் கருவிகள் செய்தார்கள். 1924இல் விளக்கு வெளிச்சத்தைக் கூட்டினால் உற்பத்தி கூடுமா என்று சோதனை தொடங்கினார்கள். வெளிச்சத்துக்கும் உற்பத்திக்கும் சீரான தொடர்பே கிடைக்கவில்லை. 1927இல் ரிலே என்ற தொலைபேசிப் பாகத்தைப் பூட்டும் பெண்கள் சிலரைத் தனி அறையில் வைத்து ஓய்வு நேரம், வேலை நேரம் எல்லாம் மாற்றிப் பார்த்தார்கள். பாடப்புத்தகங்களில் எல்லாம் இந்த விளக்கும் அறையும்தான் வரும்.

எனக்குப் பெரிதாகத் தெரிவது 1928இல் தொடங்கிய நேர்காணல்கள். இரண்டு வருடத்துக்குச் சற்று மேல், இருபதாயிரத்துக்கும் அதிகமான தொழிலாளர்களிடம் பேசினார்கள். முதலில் கையில் கேள்வித்தாள் இருந்தது. உங்கள் மேற்பார்வையாளர் எப்படி, சம்பளம் எப்படி, வேலைச் சூழல் எப்படி என்று வரிசையாகக் கேட்டார்கள். ஆனால் தொழிலாளர்கள் அந்த வரிசையில் நிற்கவில்லை. கேட்ட கேள்விக்கு ஒரு வரி சொல்லிவிட்டுத் தங்கள் மனதில் ஓடிய வேறு விஷயத்துக்குத் தாவினார்கள். நேர்காணல் செய்தவர்கள் திரும்பத் திரும்ப அவர்களைக் கேள்விக்கு இழுத்துவந்தார்கள். கடைசியில் 1929 நடுவில் கேள்வித்தாளையே தூக்கிப் போட்டுவிட்டார்கள். பேசுகிறவர் எதைப் பேச நினைக்கிறாரோ அதைப் பேசட்டும், குறுக்கே போகாதீர்கள் என்று முடிவானது. அரை மணியில் முடிந்த பேச்சுகள் ஒரு மணி நேரத்தைத் தாண்டின.

அப்போதுதான் எதிர்பாராதவை வந்தன. ஒரு பெண்ணுக்குத் தன் மேற்பார்வையாளரைக் கண்டாலே ஆகாது. பேசிக்கொண்டே வந்தவர், அந்த ஆள் தான் வெறுத்த மாற்றாந்தந்தையின் சாயலில் இருப்பதாகத் தனக்குத் தோன்றுவதை நேர்காணலின் நடுவில் தானே கண்டுபிடித்தார். எந்தப் படிவத்தில் இதற்கு ஒரு கட்டம் இருக்கும்?

ஹாதார்னைக் கோயிலாக்கி வைக்க வேண்டியதில்லை. அந்தச் சோதனை அறையில் அதிகம் பேசுகிறார்கள், ஒத்துழைக்கவில்லை என்று சொல்லி 1928 ஜனவரியில் இரண்டு பெண்களை எடுத்துவிட்டு வேறு இருவரை வைத்தார்கள். அதன் முடிவுகளைப் பின்னாளில் வந்தவர்கள் நிறையக் கேள்வி கேட்டிருக்கிறார்கள், கேட்டதும் சரிதான். கேட்பதும் நிர்வாகம், எழுதிக்கொள்வதும் நிர்வாகம் என்றால் பேசுகிறவருக்கு முழுச் சுதந்திரம் ஏது? இருந்தாலும் கேள்வித்தாளைக் கீழே வைத்த அந்த முடிவு எனக்கு இன்றும் பாடம்தான்.

ஒரே வேலை ஆளுக்கு ஆள் எவ்வளவு வேறாகத் தெரியும் என்பதற்கு இன்னொரு ஆய்வு. ஏமி ரெஸ்னெஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் 1997இல் வெளியிட்டது. வேலையைச் சிலர் பிழைப்பாகப் பார்க்கிறார்கள், சிலர் மேலே ஏறும் படியாகப் பார்க்கிறார்கள், சிலர் தாங்கள் செய்யவேண்டிய காரியமாகவே பார்க்கிறார்கள். ஒரே இடத்தில் ஏறக்குறைய ஒரே வேலை பார்த்த 24 நிர்வாக உதவியாளர்களை எடுத்தபோது, மூன்று வகையிலும் கிட்டத்தட்டச் சமமாகப் பிரிந்தார்கள். வேலையின் பெயரை வைத்து ஆளின் மனதைச் சொல்ல முடியாது. பிழைப்பாகப் பார்ப்பது தாழ்ந்தது என்றும் நான் நினைக்கவில்லை. சரியாக வந்து, சரியாக முடித்து, ஐந்தரைக்குக் கிளம்பிப் போய்த் தன் தோட்டத்தையோ பஜனைக் குழுவையோ பார்க்கிறவருக்கு நேரத்துக்கு விடுவதுதான் மரியாதை. அவரை ஞாயிற்றுக்கிழமை குழு விளையாட்டுக்குக் கூப்பிட்டால் இருக்கிற பிடிப்பும் போகும்.

வேறு சிலருக்குத் தன் வேலை யார் கைக்குப் போகிறது என்று பார்த்தாலே போதும். 2007இல் ஆடம் கிராண்டும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு பலருக்குத் தெரிந்திருக்கும். ஒரு பல்கலைக்கழகத்துக்காகப் போனில் நன்கொடை கேட்கும் ஆட்களிடம், அந்தப் பணத்தில் உதவித்தொகை பெற்ற ஒரு மாணவரை அழைத்துவந்து சில நிமிடங்கள் பேச வைத்தார்கள். ஒரு மாதம் கழித்து அவர்கள் போனில் செலவிட்ட நேரம் இரண்டு மடங்குக்கு மேல் ஆகியிருந்தது, திரட்டிய பணம் 171 சதவீதம் கூடியிருந்தது. நாங்கள் குழந்தைகள் உடுப்பு தைக்கிற லைனில், போட்ட பிறகு அது எப்படி இருக்கும் என்று ஒரு போட்டோவை ஒட்டியதோடு சரி. அதைத் தினமும் ஒரு கண் பார்த்துவிட்டு உட்கார்கிறவர்களும் இருந்தார்கள், திரும்பியே பார்க்காதவர்களும் இருந்தார்கள்.

சொந்த ஊர் என்பது இன்னொன்று. மேலே சொன்ன மேலைநாட்டுப் பட்டியல்களில் இதை நான் பார்க்கவில்லை. சென்னையில் தலைமையிடம் வைத்திருந்த ஜோஹோ மென்பொருள் நிறுவனம் 2011இல் தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்தது. நிறுவனர் ஸ்ரீதர் வேம்புவே பிறகு அந்தப் பக்கம் குடியேறினார். நம்மில் எத்தனை பேருக்கு, வயதான அப்பாவை மாலையில் போய்ப் பார்க்க முடிகிற தூரத்தில் வேலை இருப்பது பதவி உயர்வைவிடப் பெரியது! இதை வேலைக்கு எடுக்கும்போது யாரும் கேட்பதில்லை, ஆளும் சொல்வதில்லை. ராஜினாமாக் கடிதத்தில் "சொந்தக் காரணங்களுக்காக" என்று மட்டும் வரும்.

இது நிலையாக நிற்கிற விஷயமும் இல்லை. கல்யாணத்துக்கு முன் ஓவர்டைமை ஓடி வாங்கிய பெண், குழந்தை பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் நாலரை மணியையே பார்த்துக்கொண்டிருப்பார். போன வருடம் கேட்டு வைத்த பதில் இந்த வருடத்துக்கு ஆகாது.

எப்படிக் கேட்பது என்பதில் நான் செய்த தப்புகள் அதிகம். ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டுக் கேட்டேன். கூப்பிட்டதுமே, என்ன தப்பு செய்தோம் என்று முகம் வெளுத்து வருவார்கள். சம்பள உயர்வு பேசுகிற மாதத்தில் கேட்டேன், எல்லாப் பதிலும் சம்பளத்தைச் சுற்றியே வந்தது. "உங்களுக்கு எது ஊக்கம் தருது?" என்று கேட்டேன். அது யாரும் தன் வாழ்க்கையில் தனக்குத்தானே கேட்டுக்கொள்ளாத கேள்வி. "எல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க சார்" என்பதே பதில்.

பலித்தது டீ நேரம். பத்தே முக்காலுக்குக் கையில் டம்ளரோடு நிற்கும்போது, "போன வாரம் எந்த நாள் வேலை முடிஞ்சு போகையில மனசுக்கு நல்லா இருந்துச்சுக்கா?" என்று ஒரு நாளைப் பிடித்துக் கேட்டால் பேச்சு வரும். "எந்த நாள் சே, வராமலே இருந்திருக்கலாம்னு தோணுச்சு?" என்றால் இன்னும் வரும். பெண்களிடம் சிலவற்றைப் பெண்கள் கேட்டால்தான் வெளியே வரும். அதற்கு செக்கிங் அக்காவை விடப் பொருத்தமான ஆள் கம்பெனியில் இல்லை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்களிடம் அவர்கள் பாஷையில் கேட்க வேண்டும். அதுவும் சூப்பர்வைசர் பக்கத்தில் இல்லாதபோது. சொன்னதை வேறு யாரிடமும் கொண்டுபோகக் கூடாது. ஒரு தடவை அது கசிந்தால் அந்த லைனில் அப்புறம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் இருப்பது, கேட்காமலே இருப்பதைவிட மோசம். முடியாததை முடியாது என்று அந்த வாரமே சொல்லிவிட வேண்டும். முடிந்தது பெரும்பாலும் சின்னதாகத்தான் இருக்கும். மெஷினுக்கு மேல் இன்னொரு லைட், ஒரு பையனுக்கு வாரம் இரண்டு மணி நேரம், துணி வெட்ட மாதிரி போடும் பேட்டர்ன் மாஸ்டரோடு உட்காரும் அனுமதி, மாதத்தில் ஒரு சனிக்கிழமை முன்னதாகக் கிளம்புவது. இவற்றில் எதற்கும் முதலாளியிடம் பெரிய தொகை கேட்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்த வருடம் அதே லைனைத் திரும்ப மாற்ற வேண்டி வந்தது. இந்தத் தடவை வெள்ளிக்கிழமையே எல்லோரையும் நிற்க வைத்து, எதற்காக மாற்றுகிறோம், எது எங்கே போகிறது என்று சாக்பீஸால் தரையில் வரைந்து காட்டினோம். பிறகு டெய்லர் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் போய்க் கேட்டேன். மொத்தம் பதினெட்டு பேர். பத்துப் பேர் எந்த மெஷினானாலும் சரி என்றார்கள். ஐந்து பேர் தங்கள் மெஷின் தங்களோடுதான் வர வேண்டும் என்றார்கள். ஒருவர் மெஷின் எதுவானாலும் ஜன்னல் ஓரம் வேண்டும் என்றார். ஒரு பெண் தன் ஊர்க்காரப் பெண்ணுக்குப் பக்கத்தில் கேட்டார். அந்த ஊர்க்காரப் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பக்கத்துல மட்டும் போட்டுறாதீங்க சார், சொன்னேன்னு சொல்லிடாதீங்க" என்றார். பேரை எழுதி ஒவ்வொரு மெஷினின் மேஜைக்கு அடியிலும் ஒட்டினோம். குனிந்து ஒட்டும்போது ஒரு மேஜையில் அந்தப் பட்டாம்பூச்சி இன்னும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பேர்ப்படியே நகர்த்தினோம். பக்கத்தில் கேட்ட பெண்ணிடம், பிளாட்லாக் வரிசை நடுவில் வந்துவிட்டதால் முடியவில்லை என்று சொன்னேன்.